படத்தைப் பார்த்த பிறகே சிலைடு

இன்று பட்டம் பெறும் இளம் மருத்துவர்களே!

நான் நோய்க்குறியியல் முதுநிலை மாணவியாக இருந்தபோது, 12 வயதுப் பையன் ஒருவனின் தொடை எலும்புத் திசு எங்கள் துறைக்கு வந்தது. காய்ச்சல், வீக்கம், இரவில் வலி, இஎஸ்ஆர் கூடுதல். எலும்பில் சீழ் என்று வேறொரு மருத்துவமனையில் கீறியிருந்தார்கள். கல்ச்சரில் கிருமி எதுவும் வளரவில்லை. கூட வந்த படிவத்தில் 'தொடை வீக்கம்' என்று இரண்டே சொல். எங்கள் பேராசிரியர் சிலைடை ஓரமாக வைத்துவிட்டு, "எக்ஸ்ரே எங்கேம்மா?" என்றார்.

கதிரியக்கத் துறைக்கு ஓடிப்போய் வாங்கி வந்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் படத்தைப் பிடித்துக் காட்டினார். எலும்பின் நடுத்தண்டு அரித்துப் போயிருந்தது. மேலுறை வெங்காயச் சருகாக அடுக்கடுக்காக எழும்பியிருந்தது. அதன் பிறகே மைக்ராஸ்கோப். நெருக்கமாக நீல நிறச் சிறு உருண்டை செல்கள். இடையிடையே செத்துப்போன திசு. கீறியபோது சீழாகத் தெரிந்தது அதுதான். பையனுக்கு இருந்தது யூவிங் சார்கோமா.

ஜேம்ஸ் யூவிங் இந்தப் புற்றை 1921-ல் விவரித்தார். ஏறக்குறைய அதே காலத்தில் எர்னஸ்ட் காட்மன் அமெரிக்காவில் எலும்புப் புற்றுப் பதிவேடு தொடங்கினார். எக்ஸ்ரே, சிலைடு, நோயாளியின் வரலாறு மூன்றையும் அதில் சேர்த்தே வைத்தார்கள். யூவிங்கும் அதில் பங்குகொண்டவர்.

இன்று நம்மிடம் சிடி99 சாயம் உண்டு. ஆனால் லிம்ஃபோபிளாஸ்டிக் லிம்ஃபோமாவும் அந்தச் சாயத்தை ஏற்கும். 11, 22 குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொண்டதை மரபணுப் பரிசோதனை காட்டும். சுமார் 85 சதவீதத்தினரிடம் அது இருக்கும். இவ்வளவு வந்த பிறகும் என் பேராசிரியர் கேட்ட கேள்விக்கு மாற்று வரவில்லை என்பது என் உறுதியான எண்ணம். அந்தக் கேள்வியைச் சீக்கிரமே கேட்கவும் வேண்டும். நோய் ஓரிடத்தில் நிற்கும்போதே பிடித்தால் ஐந்தாண்டு கடப்பவர்கள் சுமார் 70 சதவீதம். நுரையீரலுக்கோ மற்ற எலும்புகளுக்கோ பரவிய பின் வந்தால் அதில் பாதிகூட இல்லை. வளரும் பிள்ளைகளைத் தேடி வரும் நோய் இது. கால்வலி என்று வரும் பிள்ளையை 'வளர்ச்சி வலி' என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள். வலி விடவில்லையென்றால் எக்ஸ்ரே எடுங்கள்.

சந்தேகம் வந்தால் பயாப்சிக்கு முன்பே எம்ஆர்ஐ எடுங்கள். ஊசி பட்ட இடம் படத்தைக் குழப்பும். பின்னால் அறுவை செய்யப்போகிறவரைக் கேட்காமல் ஊசி போடாதீர்கள். அது போன தடத்தையும் அவர்தான் வெட்டியெடுக்க வேண்டியிருக்கும். எங்களுக்கு அனுப்பும் படிவத்தில் வயது, எந்த எலும்பு, எத்தனை நாள் வலி எல்லாம் எழுதி, படத்தையும் சேர்த்து அனுப்புங்கள்.