வைக்கோலில் இருந்து ஹைட்ரஜன்: குழுக் கடன் போடலாமா?

(திருநகரில் நடந்த கூட்டமைப்புக் கூட்டத்தில் பேசியது)



போன கூட்டத்தில் ஓர் அக்கா எழுந்து, "வைக்கோல்ல இருந்து பஸ் ஓடுற கேஸ் எடுக்கிறாங்களாமே, நம்ம குழுவும் லோன் போட்டு ஆரம்பிக்கலாமா?" என்று கேட்டார்கள். எல்லாரும் கை தட்டினீர்கள். பதில் தெரியாமல் நாங்கள்தான் முழித்தோம். படித்துப் பார்த்ததை இன்று சொல்கிறோம்.

செய்தி பொய் இல்லை. புனே அகார்கர் ஆராய்ச்சி நிலையம் பயிர்க் கழிவில் இருந்து பாக்டீரியா மூலம் ஹைட்ரஜன் எடுக்கும் முறையைக் கண்டிருக்கிறது.

இது எப்படி நடக்கிறது? நம்ம சாண எரிவாயுத் தொட்டியையே நினைத்துக்கொள்ளுங்கள். காற்றுப் புகாத அந்த இருட்டில் ஒரு கூட்டம் பாக்டீரியா, கழிவில் உள்ள சர்க்கரையைப் புளிக்க வைத்து அமிலமும் ஹைட்ரஜனும் விடுகிறது. பின்னாலேயே இன்னொரு கூட்டம் வந்து அந்த ஹைட்ரஜனைத் தின்று மீத்தேன் ஆக்கிவிடும். அடுப்பில் எரிவது அந்த மீத்தேன்தான். ஆக, ஹைட்ரஜன் நம்ம தொட்டியிலும் உண்டாகுது. கைக்கு வருவதற்குள் காணாமல் போகுது.

அது வேண்டுமென்றால் இரண்டாவது கூட்டத்தை ஒடுக்க வேண்டும். சாணக் கரைசலைக் கொதிக்க வைப்பது ஒரு வழி. வித்து மாதிரி கூடு கட்டிக்கொள்கிற முதல் கூட்டம் மட்டும் பிழைக்கும். அப்புறமும் புளிப்பு கூடாமல் குறையாமல் இராப்பகலாகப் பார்க்கணும். அப்படியும் சர்க்கரையில் இருந்து வரக்கூடிய ஹைட்ரஜனில் மூணில் ஒரு பங்குக்கு மேல் கிடைக்காது.

நம்ம தமிழ்நாட்டுக் கணக்கு ஒன்று. சென்னை முருகப்ப செட்டியார் ஆராய்ச்சி மையத்தார், நெல்லிக்குப்பத்தில் சாராய ஆலைக் கழிவுநீரில் செய்து பார்த்த ஆய்வு 2008-ல் வெளியானது. ஒரு லட்சம் லிட்டர், 40 மணி நேரம், கிடைத்தது 21 கிலோ சொச்சம். சூட்டுக் கணக்கில் நம்ம வீட்டு சிலிண்டர் நாலுதான்! வாசனை இல்லாத வாயு, தீயும் பகலில் கண்ணுக்குத் தெரியாது. சமையல்கட்டுக்கு வேண்டாம் அக்கா.

அதனால் ஹைட்ரஜனுக்கு லோன் எழுத மாட்டோம். யாராவது முன்பணம் கேட்டு வந்தாலும் கொடுக்காதீர்கள்.

நாலைந்து மாடு இருக்கிற வீட்டில் தினம் 50 கிலோ சாணம் சேரும். இரண்டு கன மீட்டர் தொட்டிக்கு அது போதும். மாதம் ஒன்றரை சிலிண்டருக்குக் குறையாது. வைக்கோலை அப்படியே அமுக்காதீர்கள், மிதந்து ஆடை கட்டிவிடும். பொடியாக நறுக்கி, கொஞ்சமாகச் சாணத்தோடு கரைத்து விடணும்.

மாடு வைத்திருப்பவர்கள் இன்றே ஊக்குநரிடம் பெயர் கொடுங்கள். ஒத்தக்கடை வேளாண் கல்லூரிக்கு ஒன்றாகப் போய், தொட்டி பற்றியும் மானியம் பற்றியும் நேரிலேயே கேட்டு வருவோம்.