'இஸ்கூல்' என்றால் ஏன் சிரிக்கிறோம்?

(காலனிகளில் மாலை வகுப்பு எடுக்கும் இளைஞர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



ஆங்கிலம் கற்பிப்பது பற்றிப் பேச அழைத்தீர்கள். நான் செய்த தப்பிலிருந்தே தொடங்குகிறேன்.

ஆறாம் வகுப்பு. காலனியிலிருந்து வரும் மாணவி ஒருத்தி முதல்முறையாகத் தானே எழுந்து சொன்னாள்: 'ஐ கோ இஸ்கூல் எஸ்டர்டே.' வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டே, 'இஸ்கூல் இல்லம்மா, ஸ்கூல்' என்றேன். அந்த வருஷம் முழுக்க ஆங்கில வகுப்பில் அவள் வாய் திறக்கவில்லை.

தமிழில் சொல்லுக்கு முதலில் வராத எழுத்துகள் உண்டு. அப்படி வந்தால் முன்னால் ஓர் உயிரைச் சேர்த்துக்கொள்வோம். ராமன் இராமன் ஆவது அப்படித்தான். அதை இலக்கணம் என்று பாடம் நடத்துகிறோம். அதே வேலையை ஒரு காலனிப் பிள்ளையின் நாக்கு செய்தால் 'சேரிப் பேச்சு' என்கிறோம்! சிரித்தது உச்சரிப்பைப் பார்த்து அல்ல, தோழர்களே.

அம்பேத்கரைப் பள்ளியில் தனியே சாக்கில் உட்கார வைத்தார்கள். இன்று பெஞ்சு பொது. ஆனால் கேள்வி கேட்கும்போது நம் கண் எந்தப் பெஞ்சுக்குப் போகிறது? வீட்டில் ஆங்கிலம் கேட்டு வளர்ந்த பிள்ளையிடம்தானே?

ஆங்கிலம் நமக்கு வேண்டும். 1854இல் வந்த கவிதைத் தொகுப்பிலேயே சாவித்திரிபாய் புலே ஆங்கிலம் படிக்கச் சொல்லிவிட்டார். 2012-13இல் அரசுப் பள்ளிகளில் ஆங்கிலவழிப் பிரிவுகளும் வந்தன. ஆனால் பலகையில் எழுதிவிட்டால் நாக்குக்கு வந்துவிடுமா?

திருத்தாதீர்கள் என்று சொல்லவில்லை. 'ஐ கோ எஸ்டர்டே' என்றால், 'ஓ, யூ வென்ட் எஸ்டர்டே? ஹூ கேம் வித் யூ?' என்று கேளுங்கள். சரியான சொல் காதில் விழும், பேச்சும் அறுபடாது. கேள்வி கேட்டபின் மனதுக்குள் பத்து எண்ணுங்கள்; எனக்கு மூன்றுக்கு மேல் பொறுக்காது, பழகித்தான் வந்தது. பதிலை முதலில் பக்கத்துப் பிள்ளையிடம் தமிழில் பேசிப் பார்க்கட்டும். தமிழ் பேசினால் அபராதம் போடும் பள்ளிகளிடம் நாம் கற்க ஒன்றுமில்லை. தனியாக எழுப்பி வாசிக்கச் சொல்வதற்கு முன், இரண்டு இரண்டு பேராக வாசித்துப் பழகட்டும்.

அடுத்த வருஷமும் நான்தான் அவளுக்கு ஆங்கில ஆசிரியர். மன்னிப்புக் கேட்டேன், தமிழில். 'பரவால்ல சார்' என்றாள். மறுபடி அவள் ஆங்கிலத்தில் பேச எட்டு மாதம் ஆனது. அந்த வாக்கியத்திலும் 'இஸ்கூல்' அப்படியே இருந்தது. நான் அடுத்த கேள்வியைக் கேட்டேன்.