களிக்கு அளவு என்ன?

பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து பேசுகிறேன். எங்க ஆயாகிட்ட ராகிக்களிக்கு எவ்வளவு மாவுன்னு கேட்டா, "தண்ணி கேக்குற அளவு"ம்பாங்க. அவங்க கைக்கு அது தெரியும், நமக்குத் தெரியாது.

உறவுக்காரர்கள் ஓயாமல் பக்குவம் கேட்டதால் மீனாட்சி அம்மாள் எழுதிய 'சமைத்துப் பார்' 1951-இல் வந்தது. அளவோடு எழுதியதால் அந்தச் சமையல் தலைமுறை தாண்டி நிற்கிறது. நம்ம களிக்கும் அதைச் செய்யலாமே?

ஆயாவை நிறுத்தி அளக்கச் சொல்லாதீங்க. களி கிண்டறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் மாவுப் பாத்திரத்தை எடை போடுங்க, குறைஞ்சதுதான் அளவு. தண்ணியையும் அளந்து வைங்க. அதோடு ஆயா பார்க்கிற அடையாளத்தையும் எழுதுங்க: ஈரக்கையால் தொட்டா களி ஒட்டக்கூடாது. மாவு மாறினாலும் அந்த ஒரு வரி கைகொடுக்கும். அவங்க அடுப்படியில் நிற்கும்போதே எழுதிடுங்க.