தாளம் தப்பும் நாடி

இருதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்கி விரியாமல் நடுங்கிக் கொண்டிருக்கும் நிலையை மருத்துவர்கள் ‘ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்’ என்பர். நாடியைத் தொட்டுப் பார்த்தால் துடிப்புகள் ஒரு கணக்கில் வாரா. சிலருக்குப் படபடப்பும் மூச்சிரைப்பும் உண்டாகும். சிலருக்கு எதுவுமே தெரியாது. நடுங்கும் அறையில் தேங்கும் இரத்தம் உறைந்து, அந்தக் கட்டி மூளைக்குச் சென்றால் பக்கவாதம் ஏற்படுகிறது.

மேலைநாடுகளில் இது பெரும்பாலும் முதியோர் நோய். இந்தியாவிலோ, சிறுவயதில் கண்ட ருமாட்டிக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு சுருங்கி, உழைக்கும் வயதிலேயே இதற்கு ஆளாவோர் பலர். அவர்களுள் பெண்கள் மிகுதி. அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் நகர ஆய்வு 1978-இல் வெளியிட்ட கணக்கு கருதத்தக்கது. ருமாட்டிக் வால்வு நோய் இல்லாதபோது பக்கவாத அபாயம் 5 மடங்குக்கு மேல் உயர்கிறது. அந்நோயும் சேர்ந்தால் 17 மடங்குக்கு மேல்.

இதனைத் தடுக்க நெடுங்காலமாக வழங்கப்படுவது வார்ஃபரின். 1948-இல் எலி மருந்தாக விற்பனைக்கு வந்த பொருள் என்று கேட்டு அஞ்சுவோர் உண்டு; ஆனால் 1954 முதல் அது மனிதருக்கும் மருந்தாகிவிட்டது. இரத்தப் பரிசோதனை வேண்டாத புதிய மருந்துகள் வந்துள்ளன. வால்வு சுருங்காத நோயாளிகளுக்கு அவை ஏற்றவை. ருமாட்டிக் நோயாளிகளின் நிலை வேறு. இந்தியா உட்பட 24 நாடுகளில் நடந்து, 2022-இல் முடிவு வெளியான ஆய்வில், புதிய மருந்தான ரிவராக்ஸபான் பெற்றோரைவிட வார்ஃபரின் வகை மருந்து பெற்றோரிடையே இறப்பு குறைவாக இருந்தது.

மாத்திரையின் விலை சொற்பம். உண்மையான செலவு பரிசோதனையில்தான் இருக்கிறது. இரத்தம் உறையும் தன்மையைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவு பொதுவாக 2-க்கும் 3-க்கும் இடையே நிற்க வேண்டும். குறைந்தால் பக்கவாதம், மிகுந்தால் இரத்தக் கசிவு. அளவு நிலைப்படும் வரை அடிக்கடியும், பின்னர் மாதம் ஒருமுறையேனும் பார்ப்பது வழக்கம். கிராமத்துக் கூலித் தொழிலாளிக்கு இதன் பொருள் பேருந்துக் கட்டணமும், ஒரு நாள் கூலி இழப்பும், துணைக்கு வருபவரின் கூலி இழப்பும் ஆகும். ‘சிகிச்சையைக் கைவிட்டவர்’ என்று ஏட்டில் குறிக்கப்படுவோருள் பலர் இந்தக் கணக்கிலேயே தோற்றவர்கள்.

நோயாளியின் பங்கும் சிறிதன்று. மாத்திரையைத் தினமும் ஒரே நேரத்தில் உட்கொள்ள வேண்டும். மறந்தால் மறுநாள் இரட்டிப்பாக உட்கொள்ளலாகாது. கீரையை அடியோடு விலக்கத் தேவையில்லை, அளவு மாறாதிருந்தால் போதும். வலி மாத்திரைகளைக் கேளாமல் வாங்குவது ஆபத்து. பல் பிடுங்கும் முன்னரும், பெண்கள் கருத்தரிக்க எண்ணும் முன்னரும், மருத்துவரிடம் தெரிவித்தாக வேண்டும். கருவை வார்ஃபரின் பாதிக்கக்கூடும். படபடப்பு அடங்கிவிட்டதென்று மருந்தை நிறுத்துவதே பெருந்தவறு, ஏனெனில் உறையும் அபாயம் அடங்குவதில்லை.

ருமாட்டிக் நோயாளிகளில் பலர் 3 அல்லது 4 வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசிக்காக எப்படியும் சுகாதார நிலையத்துக்கு வருகின்றனர். விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துச் சில நிமிடங்களில் ஐ.என்.ஆர். காட்டும் சிறு கருவி இப்போது கிடைக்கிறது. அதனை அங்கேயே வைத்து, ஊசி போடும் நாளிலேயே பரிசோதனையையும் முடித்தால், நகரத்துக்குச் செல்லும் தனிப் பயணமும் அதற்காகும் கூலி இழப்பும் பலருக்கு மிச்சமாகும்.