4கே பிளேயர் வாங்குறதுக்கு முன்னாடி ஃபைலைத் திறந்து பாருங்க

இன்னிக்கு ஒரு ஹார்ட் டிஸ்க் கதையில ஆரம்பிக்கிறேன்.

அக்கா கல்யாணத்துக்கு எங்க பாட்டியால வர முடியல. முழங்கால் ஆபரேஷன் ஆகி ஊர்ல படுத்திருந்தாங்க. கொஞ்ச நாள் கழிச்சு வீடியோகிராஃபர் ஒரு ஹார்ட் டிஸ்க் கொடுத்தாரு. அதுல பத்து நிமிஷ ஹைலைட், கூடவே கேமராவில எடுத்த முழு ஃபுட்டேஜ், எல்லாம் 4கே. பாட்டியையும் வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தாச்சு. ஞாயித்துக்கிழமை எல்லாரும் ஹால்ல உட்கார்ந்து, 55 இன்ச் 4கே டிவியில டிஸ்கைச் சொருகினேன். ஹைலைட் நல்லா ஓடுச்சு. ஆனா அது ட்ரோன் ஷாட்டும் ஸ்லோமோஷனும்தானே? பாட்டிக்கு முகூர்த்தம் முழுசாப் பார்க்கணும். அந்த ஃபைலைத் தட்டினா, 'இந்த ஃபார்மட் சப்போர்ட் ஆகாது'ன்னு ஒரே வரி. "அப்ப தாலி கட்டுறத நான் எப்பதான்டா பாக்குறது?"ன்னு கேட்டாங்க.

எனக்கு ரோஷம் வந்துடுச்சு. மறுநாளே ரிச்சி ஸ்ட்ரீட் போய், அட்டையில '8கே'ன்னு பெருசா போட்டிருந்த ஒரு ஆண்ட்ராய்ட் பாக்ஸ் 3,200 ரூபாய்க்கு வாங்கிட்டு வந்தேன். அதுல என்ன ஆச்சுன்னா, சத்தம் வந்துச்சு, படம் நாலு செகண்டுக்கு ஒரு தடவை நகர்ந்துச்சு.

அதுக்கப்புறம்தான் முதல்லயே பண்ணியிருக்க வேண்டிய வேலையைப் பண்ணினேன். மீடியாஇன்ஃபோன்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு. ஃபைலை அதுக்குள்ள இழுத்துப் போட்டா, உள்ள என்ன இருக்குன்னு சொல்லிடும். என் ஃபைல்ல இருந்தது எச்.264, 10 பிட், 4:2:2.

இது ஏன் முக்கியம்? 4கே-ங்கிறது படத்தோட அளவு மட்டும்தான், 3840-க்கு 2160, கிட்டத்தட்ட 83 லட்சம் பிக்சல். அந்தப் படத்தை எப்படிச் சுருக்கி வெச்சிருக்காங்கங்கிறது வேற விஷயம். அதுக்குப் பேருதான் கோடெக். டிவியிலயும் பாக்ஸ்லயும் இருக்கிற சிப்புக்குள்ள குறிப்பிட்ட கோடெக்குகளைப் பிரிக்கவே தனிப் பகுதி இருக்கும். அது பழகின வகையில ஃபைல் வந்தா அலட்டிக்காம ஓட்டும். வராட்டி, பொதுவான ப்ராசஸர் தலையில போய் விழும், அதால 4கே-வை இழுக்க முடியாது. எச்.264-ல பெரும்பாலான சிப்புகளுக்குத் தெரிஞ்சது 8 பிட், 4:2:0 மட்டும்தான். 4:2:0-ன்னா நாலு பிக்சலுக்கு ஒரு நிற விவரம், 4:2:2-ன்னா ரெண்டு பிக்சலுக்கு ஒண்ணு. எடிட்டிங்ல கலர் மாத்த வசதியா இருக்கும்னு கேமராக்காரங்க ரெண்டாவதை எடுப்பாங்க. வீட்டு டிவிக்காக எடுத்தது இல்ல அது.

அதனால என் பிரச்சினைக்கு 3,200 ரூபாயும் தேவையில்ல, 20,000 ரூபாயும் தேவையில்ல. ஹேண்ட்பிரேக்னு இன்னொரு இலவச சாஃப்ட்வேர். அதுல எச்இவிசி 10 பிட்டா மாத்தச் சொல்லிட்டு, லேப்டாப்பைச் சார்ஜர்ல போட்டுட்டுத் தூங்கப் போயிட்டேன்.

சரி, உண்மையிலேயே ஒரு பிளேயர் வேணும்னா? நீங்க பார்க்கிறது ஓடிடி மட்டும்தான்னா, கவலையே வேண்டாம். நெட்ஃப்ளிக்ஸ் 4கே-வுக்கு 15 எம்பிபிஎஸ் வேகம் போதும்னுதான் அவங்களே சொல்றாங்க. நீங்க முக்கியமா பார்க்க வேண்டியது: வைட்வைன் எல்1 அனுமதி இருக்கான்னு. அது இல்லாத மலிவு பாக்ஸ்ல, அட்டையில 8கே இருந்தாலும் நெட்ஃப்ளிக்ஸ் 480பி-லதான் வரும். இதைவிட மோசமானதும் உண்டு. சில மலிவு ஆண்ட்ராய்ட் பாக்ஸ்கள்ல பெட்டியைப் பிரிக்கும்போதே மால்வேர் இருக்குன்னு 2023-ல கண்டுபிடிச்சாங்க. நம்ம வைஃபை பாஸ்வேர்டை அதுகிட்ட கொடுத்துட்டு உட்கார்ந்திருப்போம்! என்னோடது இப்ப அலமாரியில தூங்குது.

சொந்தமா பெரிய ஃபைல்கள் வெச்சிருக்கிறவங்களுக்குத்தான் நிஜமான தேர்வு. 4கே ப்ளூரே டிஸ்க் தரத்துல இருக்கிற ஃபைல் சில காட்சிகள்ல 100 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டும். நிறைய ஸ்மார்ட் டிவிகள்ல லேன் போர்ட்டே 100 எம்பிபிஎஸ்தான். கேபிள் போட்டா நல்லா ஓடும்னு நினைச்சுப் போடுவோம், சண்டைக் காட்சியில சுத்த ஆரம்பிக்கும். அதே டிவியில 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை வேகமா இருக்கும், சிரிப்பு வரும். அதனால கிகாபிட் லேன் இருக்கான்னு கேளுங்க. 2022-ல வந்த ஆப்பிள் டிவி 4கே-ல 128 ஜிபி மாடல்ல இருக்கு, 64 ஜிபி மாடல்ல லேனே கிடையாது. என்விடியா ஷீல்ட் ப்ரோவுல கிகாபிட் இருக்கு, யூஎஸ்பி 3-ல டிஸ்கையும் நேரா சொருகலாம். ஆனா அது 2019 மாடல், ஏவி1 கோடெக் அதுக்குத் தெரியாது. ஃபயர் டிவி ஸ்டிக் 4கே மேக்ஸுக்கு ஏவி1 தெரியும், விலையும் கம்மி, ஆனா லேன் போர்ட் இல்ல. எல்லாம் இருக்கிற ஒண்ணைத் தேடி ஆறு மாசம் ரிவ்யூ வீடியோ பார்க்கிறதைவிட, உங்க ஃபைல்கள்ல எது அதிகம்னு பார்த்து முடிவு பண்றது என் பழக்கம்.

டால்பி விஷன் பத்தி ஒரு வார்த்தை. சாம்சங் டிவி வெச்சிருக்கீங்கன்னா அதுக்காகக் கூடுதல் காசு கொடுக்காதீங்க. அவங்க டிவியில டால்பி விஷனே கிடையாது, எச்டிஆர்10 பிளஸ்தான். டால்பி விஷன் புரியாத பிளேயர்ல சில ஃபைலைப் போட்டா முகமெல்லாம் பச்சையும் ஊதாவுமா தெரியும். டிவி பழுதாயிடுச்சுன்னு மெக்கானிக்கைக் கூப்பிடாதீங்க, அது ஃபைலோட வகை.

எந்த பாக்ஸ் வாங்கினாலும் செட்டிங்ஸ்ல போய் ஃப்ரேம் ரேட் மேட்ச் பண்றதை ஆன் பண்ணுங்க. சினிமா செகண்டுக்கு 24 ஃப்ரேம், பாக்ஸ் அனுப்புறது 60. சமமா வகுக்காது, அதனால ஒரு ஃப்ரேமை மூணு தடவையும் அடுத்ததை ரெண்டு தடவையும் காட்டும். கேமரா மெதுவா நகர்ற காட்சியில ஒரு சின்ன இடறல் தெரியுதே, அது இதுதான்.

பாட்டி கதைக்கு வர்றேன். காலையில எழுந்தப்ப ஃபைல் ரெடி. டிஸ்கைச் சொருகினதும் மேளத்தோட ஓடுச்சு. ரெண்டரை மணி நேரம் எழுந்திருக்கவே இல்ல. நடுவுல மூணு தடவை நிறுத்தச் சொன்னாங்க, மூணும் யார் என்ன புடவை கட்டியிருக்காங்கன்னு பார்க்க. அதுக்கு 4கே நல்லாவே உதவிச்சு.

உங்க வீட்டுல ஓடாத ஃபைல் இருந்தா, மீடியாஇன்ஃபோ ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புங்க. டிவி மாடல் நம்பரையும் சேர்த்து.