ஆளின்றி அபிவிருத்தி ஏது?



2018இல் சாங்காய் நூதனசாலையினர் நமது அல்லைப்பிட்டி மண்ணை அகழ்ந்து, சொங் வமிசக் காலத்துச் சீனப் பீங்கான் ஓடுகளை எடுத்தனர். ஏறக்குறைய 900 ஆண்டுகளுக்கு முன் கடல் வாணிகம் தேடிவந்த கரை இது. இன்றோ நம் பிள்ளைகள் பாரிசுக்கும் ரொறன்ரோவுக்கும் போய்விட்டனர். முதியோரே ஊர்க்காவலாக இருக்கின்றனர்.

1990இல் போருக்கு அஞ்சி ஓடினோம். 2006 மே 13 இரவில் தீவகத்தில் குழந்தைகள் உட்பட 13 பேர் சுட்டுக்கொல்லப்பட்டபின் மீண்டும் ஓடினோம். உயிர் காக்க ஓடியவரைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை. ஆனால் 2009இல் போர் ஓய்ந்தும் ஓட்டம் ஓயவில்லையே, ஏன்? இங்கே பிழைப்பில்லை. கடலில் இந்திய இழுவைப்படகுகள் வலையை அறுக்கின்றன. கரையில் கிணறு உவராகின்றது.

இதனால் நாம் இழப்பது உழைப்பை மட்டுமன்று. வாக்காளர் தொகைக்கேற்பவே ஆசனங்கள் பங்கிடப்படுகின்றன. யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு 2010இல் 9 ஆசனங்கள், 2015இல் 7, 2024இல் 6. ஆளில்லாத ஊருக்காக நாடாளுமன்றத்திற் பேசவும் ஆள் குறைந்துவிட்டனர்!

வெளிநாட்டுப் பணம் மாடிவீடு கட்டுகின்றது. பூட்டைத் திறப்பார் இல்லை. கோபுரமும் எழுகின்றது. கோபுரம் வேண்டாமென்று நாம் கூறவில்லை. கும்பிட ஆள் வேண்டுமென்கிறோம். ஆகவே, அப்பணத்தில் ஒரு பங்கு மீன் பதனிடும் நிலையத்துக்கும், பனம்பொருட் தொழிற்கூடத்துக்கும், மழைநீர் தேக்கும் குளங்களைத் தூர்வாருவதற்கும் வரவேண்டும். புலம்பெயர்ந்த நம் உறவினரின் சங்கங்களுக்கு இவ்வாண்டு எழுதும் கடிதத்தில் இதனையே முதலிற் கேட்போம்.