கல்விக் கொடையும் நம் சங்கத்தின் கடமையும்

(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில், கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஞானியாரடிகள் தமிழமுதம் வழங்கிய இத் திருப்பாதிரிப்புலியூரில், கல்வியறத்தைப் பற்றிச் சில கூறுமாறு யாம் பணிக்கப்பெற்றோம். கல்வியின் சிறப்பை இவ்வவையில் எடுத்துரைத்தல் கொல்லன் தெருவில் ஊசி விற்றலை ஒக்கும். ஆதலின் அதனை விடுத்து, நம் சங்கத்துக் கல்வி நிதியை எவ்வாறு செலவிடுதல் வேண்டும், எவர்க்கு ஈதல் வேண்டும் என்னும் இரண்டு வினாக்களையே எடுத்துக்கொள்கின்றோம். இன்று மாலை இவ்வவை இவற்றின்மேல் முடிவு செய்ய இருக்கின்றது. அம்முடிவு சில பிள்ளைகளின் வாழ்வை ஆக்கவும் கூடும், கெடுக்கவும் கூடும்.

விடை தேடி நாம் நெடுந்தொலை செல்ல வேண்டுவதில்லை. அண்மையிலுள்ள தில்லைமாநகரொடு தொடர்புடைய மூன்று அறங்களை நோக்கினாற் போதும்.

முதலாவது பச்சையப்ப முதலியார் அறம். 1754-இல் வறுமையிற் பிறந்து பெருஞ்செல்வம் ஈட்டிய அவ்வள்ளல், 1794-இல் திருவையாற்றில் உயிர் நீத்தார். அவர் எழுதிய உயிலிற் கூறியவை பெரும்பாலும் கோயிற் கட்டளைகளும் அன்னதானம் முதலிய தருமங்களுமேயாம். அப்பொருள் நெடுங்காலம் வழக்கு மன்றத்தில் அலைப்புண்டது. வழக்குத் தீர்ந்தபின், கட்டளைகளுக்குப் போக மிஞ்சிய பெருந்தொகையைக் கல்விக்கு ஆக்கினர். சென்னையில் அவர் பெயரால் பள்ளி திறந்தது 1842-இல். அஃதாவது, கொடையாளர் மறைந்து 48 ஆண்டு கழிந்தபின்! பின்னர்ச் சிதம்பரத்திலும் அவர் பெயரால் பள்ளி எழுந்தது. பல்லாயிரவர் கற்றுப் பயனுற்றனர். எனினும் அந்த 48 ஆண்டுகளிற் கல்லாதே கழிந்த தலைமுறைகள் இரண்டு. கொடுப்போர் தாம் உயிரோடிருக்கும்போதே, நோக்கம் ஐயமற விளங்குமாறு எழுதிக் கொடுத்தல் வேண்டும் என்பதை இவ்வரலாறு நமக்குத் தெரிவிக்கின்றது.

இரண்டாவது அண்ணாமலைச் செட்டியார் அறம். 1920-இல் மீனாட்சி கல்லூரியையும், 1927-இல் தமிழ்க் கல்லூரியையும் தில்லையில் நிறுவிய அவர், அவற்றோடு இருபது லட்சம் ரூபாயும் அளித்தமையால், 1929-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தோன்றிற்று. தமிழ்ப் புலவர்கள் அந் நிலையத்துக்குப் பட்ட கடன் சிறிதன்று. 2013-இல் அரசினர் அதன் ஆட்சியைத் தாம் ஏற்றுக்கொண்டனர். ஒருவர் செல்வம் ஓர் ஊரின் நிலையையே மாற்றக்கூடும் என்பதற்கு இது சான்று. ஆயினும் அத்துணைச் செல்வம் நம்மிடம் இல்லை. இல்லாததைக் கருதி ஏங்குதலாற் பயன் என்னை?

ஆகவே நமக்கு வழிகாட்டியாவது மூன்றாவது அறமே. 1890-இல் ஆரணிப் பக்கத்தில் ஆதிதிராவிடர் குடியிற் பிறந்த சகஜாநந்த அடிகள், வியாசர்பாடிக் கரபாத்திர சுவாமிகளிடம் ஞானநூல் பயின்று, 1910-இல் தில்லைக்கு வந்தார். பச்சையப்பரைப் போற் பொருளோ, செட்டியாரைப் போற் குலச் செல்வமோ அவரிடம் இல்லை. 1916-இல் நந்தனார் கல்விக் கழகத்தை அமைத்து, நந்தனார் தீப்புகுந்த இடமென்று வழங்கும் ஓமக்குளத்தருகே பள்ளி நடத்தினார். பள்ளியோடு அவர் நின்றாரல்லர்; சேரிகளினின்று வந்த சிறார்க்கு உண்டியும் உறையுளும் அமைத்தார். பெண்மக்களையும் கற்பித்தார். பிற குலத்து அன்பர்களும் அவர்க்குப் பொருளுதவினர். 1959-இல் அவர் மறைந்தார். அவர் இட்ட வித்து இன்று அரசு நந்தனார் ஆண்கள் பள்ளியாகவும் பெண்கள் பள்ளியாகவும் நிற்கின்றது.

அவர் உண்டியையும் உறையுளையும் முதற்கண் கருதியது ஏன்? பசித்த பிள்ளைக்கும், தங்க இடமற்ற பிள்ளைக்கும் திறந்த பள்ளியும் மூடிய பள்ளியே என்பதை அவர் அறிந்திருந்தார். இன்றும் நிலை பெரிதும் வேறன்று. அரசினர் 2022-இல் புதுமைப்பெண் திட்டத்தையும், 2024-இல் தமிழ்ப்புதல்வன் திட்டத்தையும் தொடங்கி, அரசுப் பள்ளியிற் கற்று உயர்கல்வி புகுவோர்க்குத் திங்கள்தோறும் ஆயிரம் ரூபாய் அளிக்கலாயினர். அது பேருதவியே. ஆனால் கல்லூரி புகும் முதற் றிங்களிலேயே விடுதி முன்பணம், பேருந்துச் செலவு, புத்தகம், உடை எல்லாம் ஒருங்கே வந்து நிற்கின்றன. நன்கு தேறிய மாணாக்கர் சிலர் அம் முதற் றிங்களைக் கடக்கமாட்டாது முந்திரித் தொழிலுக்கும் திருப்பூருக்கும் சென்றதை ஆசிரியராகிய யாம் கண்டிருக்கின்றோம். 2011-இல் தானே புயல் பண்ருட்டிப் பக்கத்து முந்திரியையும் பலாவையும் வீழ்த்தியபோதும், 2015-இல் பெருவெள்ளம் நம் மாவட்டத்தைச் சூழ்ந்தபோதும், ஏழை வீடுகளில் முதலில் நின்றது பிள்ளைகளின் படிப்பன்றோ?

இனி, நம் நிதியைப் பற்றி. ஒரு லட்சம் ரூபாயை வங்கியிலிட்டு நூற்றுக்கு ஆறு வட்டி பெறின், ஆண்டுக்குக் கிடைப்பது ஆறாயிரமே. ஒரு பிள்ளையின் விடுதிச் செலவுக்கும் அது போதாது. நூறு குடும்பத்தார் திங்களுக்கு இருநூறு ரூபாய் ஈவராயின், ஆண்டுக்கு இரண்டு லட்சத்து நாற்பதினாயிரம் சேரும். அப்பொருளைப் பரிசுக் கேடயத்திலும் பொன்னாடையிலும் செலவிடாமல், கல்லூரி புகும் முதற் றிங்களிலேயே பிள்ளையின் கையிற் சேர்த்தல் வேண்டும். முதன்மதிப்பெண் பெற்றார்க்குப் பல வாயில்கள் திறக்கின்றன. தம் வீட்டில் முதன்முதற் கல்லூரி காண்போர்க்கே நாம் வாயிலாதல் வேண்டும்.

இறுதியாக, எவர்க்கு என்னும் வினா. நம் குலத்துப் பிள்ளைகளுக்கே போதாத பொருளைப் பிறர்க்கு ஈவதோ என்று சில பெரியோர் வினவுகின்றனர். அவர் கவலையை யாம் இகழ்கின்றோமல்லோம். ஆயினும், சகஜாநந்தர் பள்ளிக்குப் பிற குலத்தார் இவ்வாறே எண்ணிக் கையை மூடியிருப்பின் என்னாகும்? நம் முன்னோரும் பிறர் வைத்த பள்ளிகளிற் கற்றே உயர்ந்தனர். பச்சையப்பர் பள்ளியில் நம்மவர் இருந்து கற்றிலரோ? அண்ணாமலை நகரில் நம்மவர் பட்டம் பெற்றிலரோ? பெற்ற கடனைத் திருப்பித் தருதற்கு இதுவே காலம்.

ஆதலின், நிதியில் மூன்றிலொரு பங்கு குலம் நோக்காது, ஆதிதிராவிடர் முதலாகிய வறியார் மக்களுக்கு ஆகுக என்னும் தீர்மானத்தை இவ்வவை நிறைவேற்றுமாறு யாம் பணிந்து வேண்டுகின்றோம். அதனால் நம் சங்கத்தின் பெயர் குறையாது; நம் குலத்தார் அல்லாதார் வீட்டிலும் அது நன்றியோடு சொல்லப்படும்.